தொல்லியல் கல்வியில் கணிதம்

தொல்லியல் கல்வியில் கணிதம் என்பது, பல்கலைக்கழகத்தில் தொல்லியல் பயிலும் மாணவருக்கு எவ்வளவு கணித அறிவு தேவைப்படுகிறது, அது எந்தெந்த இடங்களில் பயன்படுகிறது என்பது பற்றியதாகும். தொல்லியல் பொதுவாக வரலாறு, மொழி, பண்பாடு ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படுகிறது. ஆகவே பள்ளியில் கணிதத்தில் பின்தங்கிய மாணவர் பலர் இத்துறையைத் தமக்கு ஏற்றதாகக் கருதுகின்றனர். வேறு சிலர் கரிமக் காலக்கணிப்பு, செய்மதிப் படங்கள், டி.என்.ஏ ஆய்வு முதலியவற்றைக் கண்டு, கணிதம் வராதவருக்கு இங்கு இடமில்லை என்று விலகிவிடுகின்றனர். இவ்விரு கருத்துகளும் பாதி உண்மையே. தொல்லியலில் அன்றாடம் செய்யப்படும் கணக்குகள் பெரும்பாலும் 10ஆம் வகுப்புக் கணிதத்தைத் தாண்டுவதில்லை. மாணவர் உண்மையில் இடறுவது வேறோர் இடத்தில்: ஆய்வுக்கூடம் தரும் ஓர் எண் எவ்வளவு உறுதியானது, அதைக்கொண்டு எதை முடிவுசெய்யலாம், எதை முடிவுசெய்யக் கூடாது என்று அறிவதில்.

சேர்க்கைத் தகுதி

தமிழ்நாட்டில் 10ஆம் வகுப்பு வரை கணிதம் கட்டாயப் பாடமாகும். மேல்நிலைப் பள்ளியில் வரலாற்றுப் பிரிவை எடுக்கும் மாணவர் அதன்பின் கணிதம் படிப்பதில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களில் தொல்லியல் பெரும்பாலும் முதுகலை நிலையிலேயே கற்பிக்கப்படுகிறது. வரலாறு, தமிழ் முதலிய இளங்கலைப் பட்டம் பெற்றவர்களே இதற்கு மிகுதியாக வருகின்றனர். இலங்கையில் யாழ்ப்பாணம், பேராதனை ஆகிய பல்கலைக்கழகங்களில் தொல்லியல் கலைப்பீடத்தின் கீழ் வருகிறது. பிரித்தானியாவில் இதே பாடத்தைக் கலைப் பட்டமாகவும் அறிவியல் பட்டமாகவும் வழங்கும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. ஆகவே கணிதத்தில் குறைந்த மதிப்பெண் பெற்றவர் என்பதால் மட்டும் ஒருவருக்குத் தொல்லியல் படிப்பின் கதவு பெரும்பாலும் அடைபடுவதில்லை. கதவைத் தாண்டி உள்ளே சென்றபின் என்ன நடக்கிறது என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

அகழாய்வுக் களத்தில்

மாணவர் முதலில் எதிர்கொள்ளும் கணிதம் வடிவியல். அகழாய்வுக் குழி ஒன்றைச் சதுரமாகக் குறிப்பதற்கு மூலைகள் செங்கோணமாக இருக்க வேண்டும். கயிற்றில் 3 மீட்டர், 4 மீட்டர், 5 மீட்டர் என்று அளந்து முக்கோணம் அமைத்தால் 3 மீட்டர், 4 மீட்டர் பக்கங்கள் சந்திக்கும் மூலை செங்கோணமாகும். குறித்த சதுரத்தைச் சரிபார்க்க மூலைவிட்டத்தை அளக்கலாம். 5 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 7.07 மீட்டர் இருக்க வேண்டும். பள்ளியில் பிதாகரஸ் தேற்றத்தை மனப்பாடம் செய்து மறந்தவர்கள் கூட, நாடாவைப் பிடித்து இரண்டு மூன்று குழிகளைக் குறித்தபின் அதை மறப்பதில்லை.

அடுத்தது மட்டம் எடுத்தல். உயரம் தெரிந்த நிலைக்குறி ஒன்றின்மீது அளவுகோலை நிறுத்தி, டம்பி லெவல் எனப்படும் மட்டமானி வழியாகப் பார்க்க வேண்டும். நிலைக்குறியின் உயரம் 100.00 மீட்டர், அளவுகோலில் காணும் எண் 1.42 மீட்டர் என்றால் கருவியின் பார்வைக்கோடு 101.42 மீட்டர் உயரத்தில் உள்ளது. பின்னர் அளவுகோலைக் குழியின் அடித்தளத்தில் நிறுத்தும்போது 3.87 மீட்டர் என்று காட்டினால், அடித்தளத்தின் உயரம் 101.42 - 3.87 = 97.55 மீட்டர். இதில் உள்ளது கூட்டலும் கழித்தலும் மட்டுமே. இருந்தும் மாணவர் குறிப்பேடுகளில் மிகுதியாகக் காணப்படும் தவறு, கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டுவது. அப்படிக் கூட்டினால் 105.29 வரும், அதாவது குழியின் அடித்தளம் தரைக்கு மேலே ஒரு மாடி உயரத்தில் மிதக்கும். சிறு படம் ஒன்றை வரைந்து பார்ப்பவர் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார். டோட்டல் ஸ்டேஷன் போன்ற மின்னணுக் கருவிகள் இக்கணக்கைத் தாமே செய்துவிடுகின்றன. ஆயினும் தொடக்கத்தில் கொடுக்கப்பட்ட நிலைக்குறி தவறாக இருந்தால் கருவி தவறான விடையையே மூன்று தசம இடத் துல்லியத்துடன் தரும்.

வரைபடங்கள் 1:10, 1:20 முதலிய அளவுகளில் வரையப்படுவதால் விகிதம் தெரிந்திருக்க வேண்டும். 1:20 அளவில் 1 மீட்டர் நீளச் சுவர் தாளில் 5 சென்டிமீட்டராக வரும். களப்பணிக்கு வேண்டிய கணிதம் ஏறத்தாழ இவ்வளவே. இப்பணிகளில் இருவர் சேர்ந்து ஒருவர் வாசிக்க மற்றவர் எழுதிச் சரிபார்ப்பது வழக்கம் என்பதால், கணக்கில் தயக்கமுள்ள மாணவர் இங்குத் தனித்து விடப்படுவதும் இல்லை.

பானையோடுகளை எண்ணுதல்

அகழாய்வில் மிகுதியாகக் கிடைப்பவை உடைந்த பானையோடுகள். வாய்விளிம்பின் சிறு துண்டிலிருந்து முழுப் பானையின் அளவை அறிய முடியும். விளிம்புத் துண்டின் இரு முனைகளுக்கு இடையிலான நேர்கோட்டு நீளம் 8 சென்டிமீட்டர், அக்கோட்டின் நடுவிலிருந்து வளைவின் உச்சி வரை 1 சென்டிமீட்டர் என்று கொள்க. நீளத்தின் வர்க்கத்தை உயரத்தின் 8 மடங்கால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம் கிடைக்கும்: 64 ÷ 8 + 0.5 = 8.5 சென்டிமீட்டர். பானையின் வாய் 17 சென்டிமீட்டர் விட்டமுடையது. நடைமுறையில் இச்சூத்திரம் அதிகம் பயன்படுவதில்லை. ஒருமைய வட்டங்கள் அச்சிட்ட தாளின்மீது விளிம்பை வைத்து, எந்த வட்டத்தோடு பொருந்துகிறது என்று பார்ப்பதே வழக்கம்.

விட்டத்தைக் கண்டுபிடிப்பது எளிது. எண்ணிக்கையின் பொருள் காண்பதுதான் சிக்கலானது. ஒரு குழியில் 100 கருப்பு-சிவப்பு ஓடுகளும் 50 தாழி ஓடுகளும் கிடைத்தால், கருப்பு-சிவப்புப் பானைகளே இரண்டு மடங்கு இருந்தன என்று கூற முடியாது. மெல்லிய கிண்ணமும் தடித்த தாழியும் ஒரே எண்ணிக்கையிலான துண்டுகளாக உடைவதில்லை. எடை போட்டுப் பார்த்தாலும் தீராது, தாழி கனமானது. எனவே ஒவ்வொரு விளிம்புத் துண்டும் முழு வட்டத்தில் எத்தனை விழுக்காடு என்று அளந்து அவற்றைக் கூட்டும் முறை உருவாக்கப்பட்டது. இதனைப் பரப்பியவர்களுள் பிரித்தானியத் தொல்லியலாளரும் புள்ளியியலாளருமான கிளைவ் ஆர்ட்டன் குறிப்பிடத்தக்கவர்.

சிறு எண்ணிக்கைகள் மற்றொரு பொறி. ஓரிடத்தில் கிடைத்த 20 ஓடுகளில் 12 கருப்பு-சிவப்பு வகை. அதாவது 60 விழுக்காடு. வேறோர் இடத்தில் 600 ஓடுகளில் 300. அதாவது 50 விழுக்காடு. முதல் இடத்தில் இவ்வகை கூடுதலாகப் பயன்பட்டது என்று எழுதத் தோன்றும். ஆனால் 20 ஓடுகள் மட்டுமே கொண்ட கூறெடுப்பில், உண்மை விழுக்காடு ஏறத்தாழ 38 முதல் 82 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 50 அதற்குள் வசதியாக அடங்கிவிடுகிறது. இரு இடங்களுக்கும் வேறுபாடு உண்டு என்று சொல்ல இச்சான்று போதாது. விழுக்காட்டை மட்டும் எழுதி, எத்தனையில் என்பதை எழுதாத அறிக்கையை மாணவர் ஐயத்துடனேயே படிக்க வேண்டும்.

கரிமக் காலக்கணிப்பு

அமெரிக்க வேதியியலாளர் வில்லார்டு லிபியும் அவருடைய குழுவினரும் 1940களின் இறுதியில் கரிமம்-14 காலக்கணிப்பு முறையை உருவாக்கினர். இதற்காக லிபி 1960ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். உயிருள்ள வரை மரமும் விலங்கும் சூழலிலிருந்து கரிமம்-14ஐப் பெறுகின்றன. இறந்தபின் அது சிதைந்து குறைகிறது. ஏறத்தாழ 5730 ஆண்டுகளில் பாதியாகவும், 11,460 ஆண்டுகளில் கால் பங்காகவும் குறையும். ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்குப் பின் எஞ்சுவது அளக்க இயலாத அளவுக்குச் சிறிதாகிவிடும். இதன் அடிப்படைச் சமன்பாட்டில் மடக்கை வருகிறது. அக்கணக்கை ஆய்வுக்கூடமே செய்துவிடுவதால் மாணவர் அதைச் செய்ய வேண்டியதில்லை. அவர் படிக்க வேண்டியது ஆய்வுக்கூடம் அனுப்பும் விடையை.

விடை, எடுத்துக்காட்டாக, 2450 ± 30 என்று வரும். இதில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன.

முதலாவது, 2450 ஆண்டுகள் என்பது 1950ஆம் ஆண்டிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவது. இன்றிலிருந்து எண்ணினால் கணக்குத் தவறிவிடும்.

இரண்டாவது, ± 30 என்பது பிழையின் உச்ச எல்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது திட்ட விலக்கம் ஆகும். உண்மையான அளவு 2420க்கும் 2480க்கும் இடையில் இருக்க 68 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதே இதன் பொருள். ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை அது வெளியே இருக்கும். இரு மடங்காக விரித்து 2390 முதல் 2510 வரை எடுத்தால் வாய்ப்பு 95 விழுக்காடாக உயரும். இரண்டு காலக்கணிப்புகளை ஒப்பிடும்போது இது முக்கியமாகிறது. 2450 ± 30, 2390 ± 30 ஆகிய இரண்டுக்கும் வேறுபாடு 60. அவ்வேறுபாட்டின் பிழையை அறிய இரு பிழைகளையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். விடை ஏறத்தாழ 42. (குழியின் மூலையைச் சரிபார்த்த அதே பிதாகரஸ் வடிவம் இங்கும் வருகிறது.) வேறுபாடு தன் பிழையைப்போல் ஒன்றரை மடங்குகூட இல்லாததால், ஒரு மாதிரி மற்றதைவிடப் பழையது என்று அடித்துச் சொல்ல இயலாது.

மூன்றாவது செய்தியே மிகவும் பிழையாகப் புரிந்துகொள்ளப்படுவது. 2450இலிருந்து 1950ஐக் கழித்துக் கி.மு. 500 என்று எழுதிவிட முடியாது. வளிமண்டலத்தில் கரிமம்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. ஆகவே வயது அறியப்பட்ட மர வளையங்கள் முதலியவற்றைக் கொண்டு வரையப்பட்ட அளவுத்திருத்தக் கோட்டின் மூலம் ஆய்வுக்கூட எண்ணை நாள்காட்டி ஆண்டாக மாற்றுகின்றனர். வட அரைக்கோளத்துக்கான கோடு 2020இல் புதுப்பிக்கப்பட்டது. இக்கோடு நேராக இறங்குவதில்லை. சில இடங்களில் செங்குத்தாகவும் சில இடங்களில் தட்டையாகவும் செல்கிறது. கி.மு. 800க்கும் கி.மு. 400க்கும் இடைப்பட்ட பகுதி ஏறத்தாழத் தட்டையானது. ஐரோப்பிய இரும்புக்காலப் பண்பாடு ஒன்றின் பெயரால் இது ஹால்ஸ்டாட் சமவெளி எனப்படுகிறது. இதன் விளைவைப் பின்வரும் இரு எடுத்துக்காட்டுகள் காட்டும். 2650 ± 30 என்னும் அளவு 95 விழுக்காட்டு உறுதியில் ஏறத்தாழக் கி.மு. 900 முதல் 790 வரை, அதாவது சுமார் 110 ஆண்டு அகலத்தில் அமைகிறது. அதே பிழையுள்ள 2450 ± 30 என்னும் அளவோ ஏறத்தாழக் கி.மு. 750 முதல் 410 வரை பரவுகிறது. ஆய்வுக்கூடத்தின் துல்லியம் இரண்டிலும் ஒன்றே. இரண்டாவது மாதிரி தட்டையான பகுதியில் விழுந்துவிட்டது, அவ்வளவே.

கீழடி, பொருந்தல் காலக்கணிப்புகள்

ஹால்ஸ்டாட் சமவெளி தமிழக வரலாற்றில் நேரடியாகக் குறுக்கிடுகிறது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுக்கப்பட்ட மாதிரி கி.மு. 580ஐயும், 200 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுக்கப்பட்ட மாதிரி கி.மு. 205ஐயும் சேர்ந்தவை. பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் பானையினுள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. 580, 490 ஆகிய இரண்டும் சமவெளிக்குள் விழும் எண்கள். இப்பகுதியில் விழும் தனி மாதிரி ஒன்றுக்கு ஒற்றை ஆண்டைக் கூறுவது, பரந்த ஓர் இடைவெளியின் நடுவில் விரலை வைப்பது போன்றது. செய்தித்தாள்களும் பாடநூல்களும் ஒற்றை எண்ணையே விரும்புகின்றன. தொல்லியல் மாணவர் இடைவெளியைத் தேடிப் படிக்க வேண்டும்.

இடைவெளியைப் படித்தால் கண்டுபிடிப்பின் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. கணக்கு அவ்வாறு கூறவில்லை. தமிழகத்தில் எழுத்து அசோகருக்கு முற்பட்டதா, பிற்பட்டதா என்பதே இங்கு முதன்மையான வினா. அசோகரின் ஆட்சி கி.மு. 3ஆம் நூற்றாண்டில், ஏறத்தாழக் கி.மு. 268இல் தொடங்கியது. மேலே கண்ட 2450 ± 30 போன்ற ஓர் அளவின் இளைய எல்லையாகிய கி.மு. 410ஐ எடுத்துக்கொண்டாலும், அது அசோகருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தியது. அதாவது அத்தகைய மாதிரி ஒன்றைக் கொண்டு "கி.மு. 580" என்று குறிப்பாகச் சொல்வது வலுவற்றது; "அசோகருக்கு முற்பட்டது" என்று சொல்வது வலுவானது. அதன்பின் எஞ்சும் வினா கணிதத்தைச் சார்ந்ததன்று: கரித்துண்டும் எழுத்துப் பொறித்த ஓடும் உண்மையிலேயே ஒரே மண்ணடுக்கில், ஒரே காலத்தில் படிந்தவையா? இதற்கு விடையளிப்பது அகழ்ந்தவரின் கண்ணும் குறிப்பேடும். மாதிரியின் தன்மையும் பார்க்கப்பட வேண்டும். முதிர்ந்த மரத்தின் உட்பகுதியிலிருந்து வந்த கரி, அம்மரம் எரிக்கப்பட்ட காலத்தைவிடப் பல பத்தாண்டுகள் பழையதாக இருக்கலாம். நெல், உமி போன்றவை ஒரே பருவத்தில் விளைபவை என்பதால் இவ்விடர்ப்பாடு இல்லை. 2021இல் அறிவிக்கப்பட்ட சிவகளை முதுமக்கள் தாழியின் காலம், கி.மு. 1155, உமியைக் கொண்டே கணிக்கப்பட்டது.

கீழடியின் இரு எண்களைக் கொண்டு மாணவர் செய்யக்கூடிய மற்றொரு கணக்கும் உண்டு. ஆழ வேறுபாடு 153 சென்டிமீட்டர், கால வேறுபாடு 375 ஆண்டு. எனவே ஆண்டுக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் மண் படிந்தது. வகுத்தல் சரியே. ஆனால் இவ்வீதத்தைக் கொண்டு இடையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு குறிப்பது தவறு. ஒரு வெள்ளம் ஒரே நாளில் ஒரு சாண் மண்ணைக் கொட்டலாம். கைவிடப்பட்ட தெருவில் நூறாண்டுகள் ஒன்றும் படியாமலும் போகலாம். குழி தோண்டிக் குப்பை கொட்டியவர்கள் அடுக்குகளையே கலைத்திருப்பர்.

கீழடி அகழாய்வின் தொடக்கக் கட்டங்கள் பற்றிய அறிக்கையில் காலப்பகுப்புகளுக்குக் கூடுதல் ஆதாரம் வேண்டும் என்று இந்தியத் தொல்லியல் ஆய்வகம் 2025இல் திருத்தம் கோரியபோது, அது பெரும் அரசியல் விவாதமாயிற்று. அவ்விவாதத்தில் மேடைகளில் பேசப்பட்டவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், உள்ளே இருந்தவை ஆழம், அடுக்கு, திட்ட விலக்கம், அளவுத்திருத்தம் ஆகியவையே. இவற்றைப் படிக்கத் தெரியாத தொல்லியல் பட்டதாரி, தம் துறையைப் பற்றிய விவாதத்தில் பிறர் சொல்வதை நம்பும் நிலையிலேயே இருப்பார்.

பெட்ரியின் அட்டைகள்

முறையான பள்ளிக் கல்வி பெறாதவரான பிரித்தானியத் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி (1853-1942), எண்களில் பெரும் ஈடுபாடு கொண்டவர். 1880க்கும் 1882க்கும் இடையில் எகிப்தின் கீசா பிரமிடுகளை அளந்து, அவற்றைப் பற்றி அக்காலத்தில் வழங்கிய மறைபொருள் கணக்குகள் அளவுகளோடு பொருந்தவில்லை என்று காட்டினார். பின்னர், மன்னராட்சிக்கு முற்பட்ட எகிப்தியக் கல்லறைகளை அகழ்ந்தபோது, எழுத்தோ நாணயமோ இல்லாத அவற்றைக் கால வரிசைப்படுத்தும் சிக்கல் எழுந்தது. ஏறத்தாழ 900 கல்லறைகளில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதி, அதில் கிடைத்த பானை வகைகளைக் குறித்தார். ஒவ்வொரு பானை வகையும் தோன்றிப் பெருகி மறையும் ஒரே தொடர்ச்சியாக அமையும் வரை அட்டைகளை மாற்றி மாற்றி அடுக்கினார். கிடைத்த வரிசைக்கு 30 முதல் 80 வரை எண்கள் இட்டார். பிற்காலத்தில் இன்னும் பழைய கல்லறைகள் கிடைக்கக்கூடும் என்று 1 முதல் 29 வரை வெறுமையாக விட்டுவைத்தார்.

பத்தே கல்லறைகளை 36,28,800 வகைகளில் வரிசைப்படுத்தலாம். 900க்கு எத்தனை என்பது கணினிக்கும் எட்டாத எண். எல்லா வரிசைகளையும் சோதித்துப் பார்க்கும் நிரல் எவராலும் எழுதி முடிக்க இயலாது. பெட்ரி பானைகளை அறிந்திருந்ததால், சோதிக்கத் தேவையற்ற வரிசைகளைப் பார்வையிலேயே தள்ளிவிட்டார். பிடியாகப் பயன்பட்ட அலை வடிவப் புடைப்பு காலப்போக்கில் வெறும் அலங்காரக் கோடாகத் தேய்ந்ததை அவர் கண்டது இதற்கு எடுத்துக்காட்டு. கணிதவியலாளர் டேவிட் கெண்டால் 1963இல் பெட்ரியின் முறையைப் புள்ளியியல் நோக்கில் ஆராய்ந்தார். பின்னர் சுவிட்சர்லாந்தின் மூன்சிங்கன் இடுகாட்டிலுள்ள 59 கல்லறைகளைக் கணினி கொண்டு வரிசைப்படுத்தினார்.

கணிதம் மட்டும் போதாமை

கணிதத் திறமை தொல்லியல் அறிவுக்கு ஈடாகாது என்பதற்கும் சான்றுகள் உள்ளன. ஆக்ஸ்போர்டில் பொறியியல் பேராசிரியராக இருந்த அலெக்சாண்டர் தாம், பிரித்தானியாவின் பெருங்கற்கால வட்டங்களை நூற்றுக்கணக்கில் மிகக் கவனமாக அளந்தார். அவற்றைக் கட்டியவர்கள் 2.72 அடி (ஏறத்தாழ 0.829 மீட்டர்) நீளமுள்ள ஒரே அளவுகோலைத் துல்லியமாகப் பயன்படுத்தினர் என்று அவர் முடிவுசெய்தார். கெண்டால் 1974இல் இதே தரவுகளைச் சோதித்தார். ஸ்காட்லாந்து வட்டங்களில் ஏதோ ஓர் அலகின் சாயல் தெரிந்தாலும், தாம் கூறிய அளவுக்கு நுண்ணிய, எங்கும் பொதுவான அளவுகோலுக்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. காலடியால் எட்டு வைத்து அளந்திருந்தாலும் இத்தகைய சாயல் தோன்றும் என்பது பின்வந்தோர் கூறிய எளிய விளக்கம். சாய்ந்தும் விழுந்தும் கிடக்கும் கல்லின் நடுப்புள்ளியை எங்கே கொள்வது என்பதிலேயே ஒரு சாண் வேறுபடக்கூடும். அத்தகைய வட்டத்திலிருந்து மில்லிமீட்டர் துல்லியத்தை எதிர்பார்ப்பது மிகை.

பிரித்தானியாவில் டேவிட் கிளார்க் 1968இல் வெளியிட்ட நூலும், அமெரிக்காவில் லூயிஸ் பின்போர்டு முதலியோரின் எழுத்துகளும் தொல்லியலை அளவை அறிவியலாக்க முனைந்தன. 1980களில் இதற்கு எழுந்த எதிர்ப்பில் முன்னின்றவர் இயன் ஹாடர். அவரே 1976இல் ஆர்ட்டனுடன் சேர்ந்து, தொல்லிடங்களின் பரவலைப் புள்ளியியல் வழி ஆராயும் நூலை எழுதியவர் என்பது குறிப்பிடத்தக்கது. எண்களின் குறைகளைப் பற்றி அவர் பேசியபோது அது அறியாதவரின் புறக்கணிப்பாக இருக்கவில்லை.

விழுக்காடுகளும் ஒப்பீடுகளும்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2025இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தென்னிந்தியப் பானையோட்டுக் கீறல் குறியீடுகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்குச் சிந்துவெளிக் குறிகளில் இணையான வடிவங்கள் உள்ளன என்று கூறப்பட்டது. இத்தகைய செய்தியைப் படிக்கும் மாணவர் இரு வினாக்களை எழுப்பலாம். எந்த மொத்தத்தில் 90 விழுக்காடு: கிடைத்த ஓடுகளிலா, வேறுபட்ட குறியீட்டு வடிவங்களிலா? இரண்டாவது வினா இன்னும் முக்கியமானது. சிந்துவெளியோடு தொடர்பே இல்லாத வேறொரு நாட்டின் கீறல்களை இதே முறையில் ஒப்பிட்டால் எத்தனை விழுக்காடு பொருந்தும்? பெருக்கல் குறி, முக்கோணம், ஏணி போன்ற எளிய வடிவங்களை எவரும் எங்கும் கீறக்கூடும். அம்மூன்றாவது ஒப்பீட்டில் 30 விழுக்காடு வந்தால் 90 என்பது பெரிய செய்தி. 80 வந்தால் அவ்வளவு பெரிதன்று. வினாவை எழுப்பக் கணிதப் பட்டம் தேவையில்லை.

சிந்துவெளிக் குறிகள் பற்றிய மற்றொரு வாதத்தில் கணிதம் நடுவிலேயே நிற்கிறது. ஐராவதம் மகாதேவன் 417 குறிகளைக் கொண்ட தொடரடைவை 1977இல் வெளியிட்டார். அதன் தரவுகள் கணினி மூலம் தொகுக்கப்பட்டவை. அக்குறிகள் மொழியை எழுதியவையே அல்ல என்று 2004இல் பார்மர், இசுபுரோட், விட்செல் ஆகிய மூவர் வாதிட்டனர். 2009இல் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட குழு ஒன்று, ஒரு குறிக்குப் பின் எந்தக் குறி வரும் என்பதிலுள்ள நிச்சயமின்மையை என்ட்ரோப்பி என்னும் அளவால் கணித்தது. சிந்துவெளிக் குறிகளைப் பழந்தமிழ், சுமேரியம் முதலிய மொழிகளோடும், டி.என்.ஏ தொடர்களோடும், போர்ட்ரான் நிரலோடும் ஒப்பிட்டு, அவை மொழிகளுக்கு அருகில் இருப்பதாகக் காட்டியது. மொழியல்லாத வேறு குறியீட்டு முறைகளும் அதே எல்லைக்குள் வரக்கூடும் என்பது எதிர்த்தரப்பின் மறுமொழி. கீறல் குறியீடுகளின் ஒப்பீட்டைப்போலவே இங்கும் சிக்கல், எதனோடு ஒப்பிடுவது என்பதே.

துறைவாரியாகத் தேவை

கல்வெட்டியல், எழுத்தியல், கலை வரலாறு ஆகியவற்றில் கணிதம் குறைவு. அங்கு மொழிப் பயிற்சியும் நினைவாற்றலும் மிகுதியாக வேண்டும். காசியலில் எடைகளின் பரவல், அச்சுகளின் எண்ணிக்கை மதிப்பீடு ஆகியவற்றுக்குப் புள்ளியியல் தேவைப்படுகிறது. விலங்கெலும்பு ஆய்வு எண்ணுதலில் தொடங்குகிறது: ஆட்டின் இடது தொடையெலும்பு 7, வலது தொடையெலும்பு 5 கிடைத்தால் குறைந்தது 7 ஆடுகள் இருந்திருக்க வேண்டும். புவியியல் தகவல் முறைமை, தரை ஊடுருவும் ராடார், உலோகப் பகுப்பாய்வு, தொல் டி.என்.ஏ ஆகியவற்றை முதன்மையாக எடுப்பவர்களுக்கே உயர்நிலைக் கணிதமோ இயற்பியலோ வேண்டியிருக்கும். இப்பிரிவுகளில் பணியாற்றுவோர் பலர் இயற்பியல், வேதியியல், உயிரியல் பட்டங்களுடன் வருபவர்கள். தொல்லியல் மாணவர் அவர்களோடு உரையாடத் தெரிந்திருந்தால் போதும்.

கற்கும் வழி

தொல்லியலாளருக்கென்றே எழுதப்பட்ட புள்ளியியல் நூல்கள் உள்ளன. ஸ்டீபன் ஷென்னன் 1988இலும், ராபர்ட் டிரென்னன் 1996இலும் வெளியிட்டவை பரவலாகப் பயன்படுபவை. இரண்டும் பிற்காலத்தில் மறுபதிப்புப் பெற்றன. பானை, கல்லாயுதம், கல்லறை போன்றவற்றையே எடுத்துக்காட்டாகக் கொள்வதால், பள்ளிக் கணிதத்தில் ஒட்டாத மாணவர்க்கும் இவை ஒட்டுகின்றன. முதலில் பழக வேண்டியவை விகிதமும் விழுக்காடும். அவற்றின்பின் சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம், பரவல் வரைபடம் ஆகியவற்றைக் கற்கலாம். நிகழ்தகவின் அடிப்படையும் சேர்ந்தால் பெரும்பாலான அகழாய்வு அறிக்கைகளைப் படித்துவிடலாம். கி.மு.வுக்கும் கி.பி.க்கும் இடையில் பூச்சியம் ஆண்டு இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும், கி.மு. 205க்கும் கி.பி. 2019க்கும் இடைப்பட்டவை 2224 அல்ல, 2223 ஆண்டுகள்.

மென்பொருள்கள் பல விலையின்றிக் கிடைக்கின்றன. புள்ளியியலுக்கு ஆர், வரைபடங்களுக்குக் கியூஜிஐஎஸ் ஆகிய இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். கரிமக் கணிப்புகளை அளவுத்திருத்தம் செய்ய ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆக்ஸ்கால் இணையத்திலேயே இயங்குகிறது. 2450, 30 என்ற இரு எண்களை அதில் இட்டுப் பார்க்கும் மாணவர், ஹால்ஸ்டாட் சமவெளியைத் தம் கண்ணாலேயே காணலாம். பின்னர் 2450ஐ 2650ஆக மாற்றி, விரிந்து கிடந்த மேடு ஒடுங்குவதையும் பார்க்கலாம். ஒரே குழியின் பல அடுக்குகளிலிருந்து எடுத்த மாதிரிகளைச் சேர்த்து, மேலடுக்கு கீழடுக்கைவிட இளையது என்னும் செய்தியையும் ஊட்டினால், அம்மென்பொருள் பேயிசு முறையால் ஒவ்வொன்றின் இடைவெளியையும் சுருக்கித் தரும். அவ்வாறு ஊட்டப்படும் அடுக்கு வரிசை சரியானதா என்பதை மென்பொருள் தானே அறியாது. அதைக் குழிக்குள் இறங்கி மண்ணின் நிறமும் பதமும் பார்த்தவரே சொல்ல வேண்டும்.